படிக்கத் தெரியும், ஆனால் புரிவதில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரியவர்களுக்கு வாசிப்புக் கற்றுத்தரும் மாலை வகுப்புகளில் பல வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். வகுப்புக்கு வருகிறவர்கள் கேட்பதைவிட அவர்களைக் கூட்டிவரும் மகனும் மருமகளும் கேட்பதுதான் அதிகம். கேள்விகள் மட்டும் மாறுவதே இல்லை. ஒவ்வொரு முறையும் வாசற்படியில் நின்றபடி பாதி பதில் சொல்லி அனுப்புவதற்கு, ஒரே இடத்தில் முழுசாக எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

எழுதப் படிக்கத் தெரியும், ஆனா படிச்சது புரியாது. அப்படியும் ஒருத்தர் இருக்க முடியுமா?

இருக்கிறார்கள், நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக. எழுத்துக்கூட்டுவார்கள், கையெழுத்துப் போடுவார்கள், பெயர்ப்பலகை படிப்பார்கள். ஒரு பக்க அறிவிப்பைக் கையில் கொடுத்து 'இதன்படி நீங்கள் என்ன செய்ய வேண்டும்?' என்று கேட்டால் முழிப்பார்கள். இதைச் செயல்சார் எழுத்தறிவின்மை என்கிறார்கள். பெயர்தான் கரடுமுரடு, பொருள் எளிது. படிப்பு இருக்கிறது, அதை வைத்து அன்றாடக் காரியத்தை முடித்துக்கொள்ள முடியவில்லை.

2006-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வை நான் எல்லோரிடமும் சொல்வேன். மருந்துப் புட்டியில் ஒட்டியிருக்கும் வாசகங்களை 395 நோயாளிகளிடம் காட்டினார்கள். அதில் ஒன்று: 'இரண்டு மாத்திரை, தினமும் இரண்டு வேளை.' வாசிப்புத் திறன் குறைந்தவர்களில் 71 சதவீதம் பேர் இதைச் சரியாகப் படித்துச் சொன்னார்கள். அப்புறம், ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை என்று எண்ணிக் காட்டச் சொன்னார்கள். நான்கு மாத்திரையைச் சரியாக எடுத்துக் காட்டியவர்கள் 35 சதவீதம்தான். படித்துச் சொன்னதற்கும் எண்ணிக் காட்டியதற்கும் நடுவே இருக்கும் அந்த இடைவெளிதான் இந்தப் பக்கம் முழுக்கப் பேசப்படுகிறது.

கைநாட்டு வைக்கிறவங்களும் இவங்களும் ஒண்ணுதானே?

இல்லை. கைநாட்டு வைப்பவருக்கு எழுத்தே தெரியாது. அது அவருக்கும் தெரியும், சுற்றி இருப்பவர்களுக்கும் தெரியும், யாராவது படித்துச் சொல்லிவிடுவார்கள். நாம் பேசுகிறவருக்கு எழுத்து தெரியும் என்பதால் யாரும் உதவிக்கு வருவதில்லை. கணக்கெடுப்பிலும் 'படித்தவர்' என்றுதான் பதிவாகிறார்.

யுனெஸ்கோ 1958-இல் கொடுத்த விளக்கப்படி, தன் அன்றாட வாழ்க்கையைப் பற்றிய ஒரு சின்ன வாக்கியத்தைப் புரிந்து படிக்கவும் எழுதவும் முடிந்தால் அவர் எழுத்தறிவு உள்ளவர். இது போதாது என்று பிறகு அவர்களுக்கே பட்டிருக்க வேண்டும். 1978-இல் இன்னொரு விளக்கம் சேர்ந்தது. தான் வாழும் சமூகத்தில் எழுத்தும் வாசிப்பும் கணக்கும் தேவைப்படுகிற காரியங்களில் ஈடுபட முடிகிறதா என்பது அதன் அளவுகோல். கவனித்துப் பார்த்தால் இந்த அளவுகோல் ஒரே இடத்தில் நிற்காது. சமூகம் காகிதத்தையும் திரையையும் எவ்வளவு நம்புகிறதோ அவ்வளவுக்கு அது உயர்ந்துகொண்டே போகும். அன்றைக்குப் போதுமாக இருந்த அதே படிப்பு இன்றைக்குப் போதாமல் போவது இப்படித்தான்.

டிகிரி முடிச்சவங்களுக்குக்கூட இது இருக்குமா?

குறைவு, ஆனால் இருக்கிறது. கேள்வி-பதிலை மனப்பாடம் செய்து, வந்த கேள்விக்கு அப்படியே எழுதி, மதிப்பெண் வாங்கி வெளியே வர முடிகிற இடத்தில், புதிதாக ஒரு பத்தியைக் கொடுத்துப் 'படித்துப் பார்த்து நீயே சொல்' என்று யாரும் கேட்காமலே பல வருஷம் ஓடிவிடும். பட்டம் கையில் இருக்கும், அந்தப் பழக்கம் இருக்காது.

இன்னொன்று, துரு. வாசிப்பு நீச்சல் மாதிரி என்பார்கள், ஒருமுறை கற்றால் மறக்காதாம். எழுத்துக்கூட்டுவது வேண்டுமானால் அப்படி. நீளமான ஒன்றைப் பிடித்து, முடிவு வரை தொடர்பு விடாமல் போகிற திறன் புழங்காவிட்டால் தேய்ந்துவிடும். படிப்பு முடிந்து இருபது வருஷம் ரசீதும் குறுஞ்செய்தியும் மட்டுமே படித்தவர், திடீரென்று பத்துப் பக்கம் வந்தால் மூச்சு வாங்கத்தான் செய்வார்.

மொத்தத்துல எத்தனை பேர் இப்படி இருக்காங்க?

ஓஇசிடி என்னும் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு, 16 முதல் 65 வயது வரை உள்ளவர்களிடம் நேரடியாகத் தேர்வு வைத்துப் பார்க்கிறது. கடைசிச் சுற்றில் 31 நாடுகளும் பகுதிகளும் கலந்துகொண்டன. முடிவுகள் 2024 டிசம்பரில் வந்தன. சராசரியாக நால்வரில் ஒருவர் முதல் நிலையிலோ அதற்கும் கீழேயோ இருந்தார். முதல் நிலை என்றால், ஒரு சின்ன உரையில் கண்ணெதிரே இருக்கும் ஒரு தகவலைத் தேடி எடுக்கிற அளவு. பணக்கார நாடுகள் நிறைந்த பட்டியலில் இந்த நிலை என்பதைக் கவனியுங்கள். பின்லாந்தும் ஜப்பானும் முன்னணியில் இருந்தன, அங்கும் கீழ்நிலையில் ஆள் இல்லாமல் இல்லை.

எங்க அப்பா சத்தமா கடகடன்னு படிப்பார். அப்புறம் எப்படிப் புரியாம போகும்?

நாக்கு ஓடுவதையும் மனம் ஓடுவதையும் நாம் ஒன்றாக எடுத்துக்கொள்கிறோம். 1986-இல் காஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே எழுதினார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறன் பெருக்கல் மொழியைப் புரிந்துகொள்ளும் திறன், இதுதான் வாசிப்பு. கூட்டல் என்று எழுதாமல் பெருக்கல் என்று எழுதியதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு பக்கம் பூஜ்யமானால் மறுபக்கம் எவ்வளவு இருந்தாலும் விடை பூஜ்யம்தான்.

தமிழில் இந்த ஏமாற்றம் இன்னும் சுலபம். 247 எழுத்து என்று பயமுறுத்தினாலும், எழுத்தைப் பார்த்தால் ஒலியைச் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் தெரியாத சொல்லை உச்சரிக்கவே தடுமாற வேண்டும், அங்கேயே மாட்டிக்கொள்வோம். தமிழிலோ அர்த்தமே தெரியாத சொல்லையும் கணீரென்று படித்துவிடலாம். 'உறழ்வு' என்று உரக்கப் படிக்க எந்தச் சிரமமும் இல்லை. என்ன அர்த்தம் என்று கேட்டால்தான் அமைதி. போதாததற்குப் பேசும் தமிழ் வேறு, எழுதும் தமிழ் வேறு. 'அவர் வரலைன்னா' என்று வாழ்நாள் முழுக்கப் பேசியவர், 'அன்னார் வருகை தராத பட்சத்தில்' என்பதைப் படிக்கும்போது பாதி மொழிபெயர்ப்பு வேலையும் சேர்த்துச் செய்கிறார்.

அப்போ ஒரு வரியைப் படிக்கும்போது தலைக்குள்ள என்னதான் நடக்குது?

கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை, குதித்துக் குதித்துப் போகிறது. ஒவ்வொரு இடத்திலும் சுமார் கால் நொடி நின்று, பார்த்ததை எடுத்துக்கொண்டு, அடுத்த இடத்துக்குத் தாவுகிறது. நடுநடுவே பின்னாலும் திரும்பும். தேர்ந்த வாசகர்களுக்கும் அப்படித்தான். எடுத்ததை மனம் கொஞ்ச நேரம் கையில் பிடித்திருக்க வேண்டும், ஆனால் அந்தக் கை சின்னது. ஒரே சமயத்தில் மூன்று நான்கு விஷயங்களுக்கு மேல் அதில் தங்காது. எழுத்துக்கூட்டவே அந்தக் கை முழுக்கச் செலவானால், வாக்கியத்தின் முடிவுக்கு வரும்போது ஆரம்பம் கீழே விழுந்திருக்கும். தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில் வருவதால் இது இன்னும் வலிக்கும். இருபது சொல் தாண்டி வரும் 'இல்லை'யைப் பார்க்கும் வரை எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

எழுதாததைப் படிப்பது அடுத்த வேலை. இதைப் பாருங்கள்: 'கதவு தட்டும் சத்தம் கேட்டது. கமலா அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு போய்த் திறந்தாள்.' அவள் அழுதுகொண்டிருந்தாள் என்று எங்கேயும் எழுதவில்லை. வந்தவருக்கு அது தெரியக்கூடாது என்று நினைத்தாள் என்பதும் இல்லை. இரண்டையும் நீங்கள்தான் போட்டுக்கொண்டீர்கள், போட்டது உங்களுக்கே தெரியாமல். வகுப்பில் இதைப் படித்துவிட்டு, 'கண்ணில் தூசி விழுந்திருக்கும்' என்று சொன்னவர்கள் உண்டு. அதுவும் ஒரு ஊகம்தான், மோசமில்லை. கவலைக்குரியவர் எதையுமே ஊகிக்காமல், கதவு திறந்தாள், அவ்வளவுதான் என்று நிறுத்திவிடுபவர்.

கதையில் விட்டால் ஒரு சுவை குறையும். அறிவிப்பில் விட்டால் காரியமே கெடும். 'விண்ணப்பங்கள் வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் வந்து சேர வேண்டும்' என்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் தபாலில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தவரை எனக்குத் தெரியும். 'சேர வேண்டும்' என்பதற்குள் 'அதற்கு முன்பே அனுப்பியாக வேண்டும்' என்பது ஒளிந்திருக்கிறது. அவர் ஒவ்வொரு சொல்லையும் சரியாகத்தான் படித்திருந்தார்.

எல்லா வார்த்தையும் தெரிஞ்ச வார்த்தைதான். ஆனாலும் மொத்தமா பார்த்தா ஒண்ணும் புரியலை. ஏன்?

இதைப் படித்துப் பாருங்கள். 'முதலில் முனையைச் சரிசெய்ய வேண்டும். பிரிந்து கிடந்தால் எத்தனை முறை முயன்றாலும் நடக்காது. ஈரப்படுத்தினால் கொஞ்சம் எளிது. வெளிச்சம் எதிர்ப்பக்கம் இருப்பது நல்லது. கை நடுங்குகிறவர்கள் எதன்மீதாவது ஊன்றிக்கொள்ளலாம். உள்ளே போனதும் விட்டுவிடக்கூடாது, மறுபக்கத்திலிருந்து கொஞ்சம் இழுத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் முடிச்சை மறந்தால் அத்தனையும் வீண்.' தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. இப்போது தலைப்பைச் சொல்கிறேன்: ஊசியில் நூல் கோப்பது. மறுபடி படியுங்கள், ஒவ்வொரு வரியும் தன் இடத்தில் போய் உட்காரும்.

பிரான்ஸ்ஃபோர்டு, ஜான்சன் என்ற உளவியலாளர்கள் 1972-இல் துணி துவைப்பதைப் பற்றிய ஒரு பத்தியை வைத்து இதே விளையாட்டைச் செய்து காட்டினார்கள். தலைப்பை முன்கூட்டிச் சொன்னவர்களுக்கு நன்றாகப் புரிந்தது, நினைவும் இருந்தது. படித்து முடித்தபின் சொன்னது பெரிதாக உதவவில்லை. ஆக, புரிதலில் பாதி காகிதத்தில் இருக்கிறது, மீதி நாம் கையோடு கொண்டுபோவது. 1988-இல் ரெக்ட், லெஸ்லி செய்த ஆய்வு இதற்கு இன்னொரு சாட்சி. பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பகுதியைப் பள்ளி மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். ஆட்டம் நன்றாகத் தெரிந்த 'மோசமான' வாசகர்கள், ஆட்டம் தெரியாத 'நல்ல' வாசகர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள்.

புரியலைன்னா அறிவு கம்மின்னுதானே அர்த்தம்? சும்மா நாசூக்கா பேசாதீங்க.

நாசூக்கு எதுவும் இல்லை. ரெக்ட், லெஸ்லி முடிவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதே பிள்ளை தெரிந்த விஷயத்தில் நல்ல வாசகன், தெரியாத விஷயத்தில் மோசமான வாசகன் என்றால், அதை எப்படி அறிவின் அளவு என்பது? எங்கள் வகுப்பில் ஒரு மேஸ்திரி இருந்தார். கட்டட வரைபடத்தைப் பார்த்து எத்தனை செங்கல் என்று வாய்க்கணக்காகச் சொல்வார். அரைப் பக்கக் கடிதம் அவரை வியர்க்க வைத்தது. படிக்கத் தடுமாறிக்கொண்டே ஒரு தொழிலை நடத்தி, குடும்பத்தை நிமிர்த்தி, அதை யாரும் கண்டுபிடிக்காமல் பார்த்துக்கொள்ள எவ்வளவு மூளை வேண்டும் என்று யோசியுங்கள்.

கதை, செய்தி எல்லாம் நல்லா படிக்கிறேன். அட்டவணையோ ஃபார்மோ பார்த்தா மட்டும் தலை சுத்துது.

அது தனித் திறன். 1992-இல் அமெரிக்காவில் நடந்த பெரியவர்களின் எழுத்தறிவுக் கணக்கெடுப்பு, தொடர் உரை, படிவமும் அட்டவணையும், எண் கணக்கு என்று மூன்றையும் தனித்தனியாகத்தான் அளந்தது. அட்டவணையை இடமிருந்து வலமாகப் படிக்கப் போகாதீர்கள். தலைவரியையும் இடது ஓரத்தையும் மட்டும் முதலில் பாருங்கள், உங்களுக்கு வேண்டிய வரிசையில் ஒரு விரல், வேண்டிய நிரலில் ஒரு விரல், இரண்டும் சந்திக்கும் கட்டம்தான் பதில். விரல் வைப்பதில் வெட்கம் வேண்டாம். நான் இன்றும் வைக்கிறேன்.

'புரிஞ்சுதா'ன்னு கேட்டா 'புரிஞ்சுது'ன்னுதான் சொல்றாங்க. பொய் சொல்றாங்களா?

சிலர் மறைக்கிறார்கள், சிலருக்கு உண்மையிலேயே தெரியாது. மறைப்பவர்களின் கதை வருத்தமானது. 1996-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வாசிப்பில் சிரமம் இருப்பதாக ஒப்புக்கொண்ட நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கு பேர் அதைக் கட்டிய கணவனிடமோ மனைவியிடமோகூடச் சொன்னதில்லை என்று தெரியவந்தது. பாதிக்கு மேல் பிள்ளைகளிடமும் சொல்லவில்லை. 'கண்ணாடியை மறந்துட்டேன்', 'வீட்டுக்குப் போய் நிதானமாப் பார்க்கிறேன்', 'நீயே படிச்சு என்னன்னு சொல்லேன், எனக்கு வேலை இருக்கு'. இந்த மூன்றையும் ஒரே ஆளிடம் திரும்பத் திரும்பக் கேட்டால் கொஞ்சம் யோசியுங்கள்.

தெரியாதவர்கள் விஷயம் விசித்திரமானது. 1982-இல் கிளென்பெர்க்கும் அவருடைய குழுவினரும் கல்லூரி மாணவர்களுக்கு ஒன்றுக்கொன்று முரணான வரிகள் உள்ள உரைகளைக் கொடுத்தார்கள். பலர் முரணைக் கவனிக்கவே இல்லை, ஆனால் நன்றாகப் புரிந்தது என்று சொன்னார்கள். சொற்கள் பழக்கமாக இருந்தால் மனம் 'புரிந்துவிட்டது' என்று தலையாட்டிவிடுகிறது. அதனால் 'புரிந்ததா?' என்பது கேட்டுப் பயனில்லாத கேள்வி. வகுப்பில் அதைக் கேட்பதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

எனக்கே இந்தப் பிரச்சினை இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

ஒரு பக்கம் படியுங்கள். மூடிவையுங்கள். பக்கத்தில் ஒருவர் இருப்பதாக நினைத்து, உங்கள் சொந்தப் பேச்சுத் தமிழில் அதைச் சொல்லுங்கள். எழுத்தில் இருந்த சொற்களையே திருப்பிச் சொல்கிறீர்களா, உங்கள் சொற்களில் வருகிறதா? அதில் இருந்த ஒரு 'ஆனால்', ஒரு 'தவிர', ஒரு நிபந்தனை உங்கள் கதையில் தப்பிப் பிழைத்ததா? நிபந்தனைகள்தான் முதலில் உதிர்பவை.

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த துறையில் மட்டும் சோதிக்காதீர்கள். அங்கே பாதியை நினைவிலிருந்தே நிரப்பிவிடுவீர்கள். ஒருமுறை தவறினாலும் பயப்பட வேண்டாம், களைத்துப்போனவருக்கு எதுவும் ஏறாது. நான்கைந்து முறை, நல்ல தெளிவோடு இருக்கும்போது பாருங்கள்.

ஃபோன்ல நாள் முழுக்கப் படிச்சுக்கிட்டேதானே இருக்கோம். அது கணக்கில்லையா?

எழுத்துக்கூட்டும் வேகத்துக்கு உதவும். நீளத்தைத் தாங்கும் பழக்கத்துக்கு அவ்வளவாக உதவாது, ஏனென்றால் அங்கே வருவதெல்லாம் துண்டு துண்டு. நிபந்தனையும் மறுப்பும் கொண்ட நீள வாக்கியம் அங்கே அபூர்வம். வந்தாலும் விரல் தள்ளிவிடும்.

திரையே பிரச்சினையா என்றும் கேட்கிறார்கள். காகிதத்தையும் திரையையும் ஒப்பிட்ட 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018-இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. தகவல் உரைகளில் காகிதத்துக்குச் சின்ன முன்னிலை இருந்தது, நேரக் கெடு இருந்தபோது அது கூடியது. கதைகளில் வித்தியாசம் தென்படவில்லை. முக்கியமான கடிதத்தை அச்செடுத்துப் படியுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். மற்றதெல்லாம் திரையிலேயே இருக்கட்டும்.

வேக வாசிப்பு வகுப்புல சேர்ந்தா சரியாயிடுமா?

வேண்டாம். வேகம் ஏறினால் புரிதல் இறங்கும், அந்தப் பண்டமாற்றைத் தாண்ட யாருக்கும் குறுக்குவழி கிடைக்கவில்லை. புரியாமல் படிப்பதை இரண்டு மடங்கு வேகமாகச் செய்வதற்கு எதற்குப் பணம்?

இது டிஸ்லெக்சியாவா? இல்ல கண் கோளாறா?

முதலில் கண்ணைப் பார்த்துவிடுங்கள். நாற்பதைத் தாண்டினால் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது இயல்பு, கண்ணாடி போட்டதும் பாதிச் சிரமம் போனவர்கள் உண்டு. காதும்தான். மற்றவர் பேசுவதே சரியாகக் கேட்காதவரை, மொழி புரியவில்லை என்று நினைத்துவிடுகிறோம்.

டிஸ்லெக்சியா பெரும்பாலும் எழுத்தை ஒலியாக்கும் பக்கத்தில் வருவது. அவர்கள் சொல்லைப் படிக்கவே திணறுவார்கள், அதையே நீங்கள் படித்துக் காட்டினால் நன்றாகப் புரிந்துகொள்வார்கள். சரளமாகப் படித்துவிட்டுப் பொருளைத் தவறவிடுபவரின் சிக்கல் பெருக்கல் கணக்கின் மறுபக்கம். வீட்டில் செய்யக்கூடிய எளிய சோதனை இது: அதே பத்தியை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். கேட்டால் புரிகிறது என்றால் சிக்கல் எழுத்தில், கேட்டாலும் புரியவில்லை என்றால் சொற்களிலோ விஷயத்திலோ. சமீபகாலத்தில் திடீரென்று படிப்பது புரியாமல் போயிருந்தால் மட்டும் வகுப்பைத் தேடாதீர்கள், உடனே மருத்துவரிடம் போங்கள்.

ஐம்பது வயசுக்கு மேல இதெல்லாம் மாறுமா?

மாறும். 2010-இல் ஒரு பிரெஞ்சு ஆய்வாளர் குழு பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் 63 பேரின் மூளையைப் படம்பிடித்துப் பார்த்தது. சிலருக்கு எழுத்தே தெரியாது, சிலர் சின்ன வயதில் பள்ளியில் படித்தவர்கள், சிலர் பெரியவர்களான பிறகு கற்றவர்கள். எழுத்தைப் பார்த்ததும் மூளையின் இடப்பக்கத்தில் விழித்துக்கொள்ளும் பகுதி, பிற்காலத்தில் கற்றவர்களுக்கும் விழித்துக்கொண்டது. மூளை கதவைச் சாத்திவிடவில்லை.

பெரியவர்களுக்கு ஒரு அனுகூலமும் உண்டு. ஊசி-நூல் பத்தியில் பார்த்தோமே, கையோடு கொண்டுபோவது என்று, அது அவர்களிடம் நிறைய இருக்கிறது. குறைவது நேரமும் பொறுமையும்தான்.

சரி, எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

உங்களுக்குப் பிடித்த, ஏற்கெனவே தெரிந்த விஷயத்திலிருந்து. தச்சர் மரத்தைப் பற்றிப் படிக்கட்டும், விவசாயி பூச்சியைப் பற்றி. உயர்ந்த இலக்கியத்தைக் கையில் திணித்து ஆரம்பித்தால் மூன்றாவது நாள் ஆள் வரமாட்டார். தெரியாத சொற்கள் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கும் ஒரு அளவு உண்டு. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படித்தவர்களை வைத்து 2000-இல் செய்த ஆய்வில், துணையில்லாமல் படித்துப் புரிந்துகொள்ள நூற்றில் 98 சொல் தெரிந்திருக்க வேண்டும் என்று வந்தது. நூற்றில் 80 மட்டும் தெரிந்தவர்களில் ஒருவர்கூடப் போதிய அளவு புரிந்துகொள்ளவில்லை. ஆகவே ஒரு பக்கத்தில் ஐந்தாறு சொல்லுக்கு மேல் இடறினால் அந்தப் புத்தகத்தை மூடிவிட்டு எளிதான ஒன்றை எடுங்கள். அதில் தோல்வி ஒன்றுமில்லை.

தினமும் பதினைந்து நிமிடம். பத்தி முடிந்ததும் நிறுத்தி, பார்க்காமல் சொல்லிப் பார்ப்பது. மறுபடி மறுபடி படிப்பதைவிட, மூடிவைத்து நினைவுக்குக் கொண்டுவருவது பதிய வைக்கும் என்பதை ரோடிகர், கார்பிக்கி ஆகியோர் 2006-இல் மாணவர்களிடம் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். படிக்கும்போது கையில் பென்சில் இருக்கட்டும். 'அது', 'அவர்', 'இதனால்' வரும் இடங்களில் எது, யார், எதனால் என்று ஒரு கோடு இழுத்து இணைத்துவிடுங்கள். என் வகுப்பில் இந்தக் கோடு ஒன்றுதான் அதிகம் பலன் தந்தது. ஒரு அம்மா மூன்று மாதம் கழித்துத் தன் வாடகை ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து, 'இதுல இந்த "அவர்" நானா, வீட்டுக்காரரா?' என்று கேட்டார். எனக்கே ஒரு நிமிடம் ஆனது பதில் சொல்ல.

எனக்கு மட்டும்தான் புரியலையா, இல்ல எழுதினவங்களே அப்படித்தான் எழுதறாங்களா?

நியாயமான சந்தேகம். இதைப் பாருங்கள், அப்படியே எங்கும் எடுத்ததல்ல, ஆனால் இந்த வகையைப் பார்க்காதவர் இருக்க முடியாது: 'மேற்குறித்த காலவரையறைக்குள் உறுப்பினர் தம் மறுப்பை எழுத்துமூலம் தெரிவித்தாலன்றி, இத்திட்டத்தின்கீழ் அவரது உறுப்பினர் நிலை தொடர்வதற்கு இசைவளித்ததாகவே கொள்ளப்படும்.' சொல்ல வந்தது இதுதான்: 'தொடர விருப்பமில்லை என்றால் இந்தத் தேதிக்குள் எழுதிக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் தொடரச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம்.'

இப்படி ஒரு 'தாலன்றி'யில் நானே ஒரு முறை வழுக்கி விழுந்திருக்கிறேன். சும்மா இருந்தால் தானாக ரத்தாகிவிடும் என்று படித்துக்கொண்டேன். ஒரு வருஷச் சந்தா போனது. வாசிப்புச் சொல்லிக்கொடுக்கிற ஆள் நான்! 'அன்றி', 'ஒழிய', 'நீங்கலாக', 'பட்சத்தில்', 'கொள்ளப்படும்', இந்த ஐந்தையும் கண்டால் வேகத்தைக் குறைத்து, வாக்கியத்தை இரண்டாக உடைத்துப் பேச்சுத் தமிழில் சொல்லிப் பாருங்கள். உடைக்க முடியவில்லை என்றால், அதைக் கொடுத்தவரிடமே கேளுங்கள். விளக்குவது அவர் வேலை.

வீட்டுல பெரியவருக்கு இப்படி இருக்கு. அவர் மனசு நோகாம எப்படி உதவுறது?

பிள்ளைகள் முன்னால் படிக்கச் சொல்லாதீர்கள், திருத்தாதீர்கள், கையிலிருந்து பிடுங்கிப் படித்துக் காட்டாதீர்கள். மாத்திரை ஆய்வில் செய்த மாதிரி, செய்து காட்டச் சொல்லுங்கள், ஆனால் பழியை உங்கள் மேல் போட்டுக்கொண்டு: 'நான் சரியாச் சொன்னேனான்னு தெரியலைப்பா. நாளைக்குக் காலையில எதை எதை எடுத்துக்கப்போறீங்க, எனக்குக் காட்டுங்க.' மருத்துவமனைகளில் செவிலியர்களுக்கும் இந்த முறையைக் கற்றுத்தருகிறார்கள். தேர்வு வைக்கப்படுவது சொன்னவருக்கு, கேட்டவருக்கு இல்லை என்ற தொனி முக்கியம்.

இப்பதான் ஃபோனே எல்லாத்தையும் படிச்சு, சுருக்கியும் சொல்லிடுதே. இனிமே வாசிப்பு எதுக்கு?

எழுத்துக்கூட்டும் பக்கத்தில்தான் தடை என்றால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். பார்வை குறைந்தவர்களுக்கும் டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கும் அது பெரிய வரம். மறுபக்கத்தில் தடை இருப்பவருக்கு அது தராதது ஒன்று உண்டு. கேட்டாலும் 'தெரிவித்தாலன்றி' அதே 'தெரிவித்தாலன்றி'தான்.

சுருக்கத்தில் வேறு சங்கடம். நிபந்தனைகள்தான் முதலில் உதிரும் என்றேனே, அது இயந்திரத்துக்கும் பொருந்தும். சுருக்கியது சரியா என்று பார்க்க மூலத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். நான் சொல்வது இவ்வளவுதான்: சுருக்கத்தை முதலில் கேளுங்கள், அது ஊசி-நூல் பத்திக்குத் தலைப்பு மாதிரி உதவும். அப்புறம் மூலத்தில் உங்கள் கையெழுத்தும் பணமும் உடம்பும் சம்பந்தப்பட்ட பத்தியை மட்டுமாவது நீங்களே படியுங்கள்.

நல்லா படிச்சவர்தான், ஆனா செய்தியைத் தப்பா புரிஞ்சுக்கிட்டு எல்லார்கிட்டயும் சண்டைக்குப் போறார். அதுவும் இதே பிரச்சினையா?

பெரும்பாலும் இல்லை. 'மோசே ஒவ்வொரு மிருகத்திலும் எத்தனையைப் பேழையில் ஏற்றினார்?' என்று கேட்டால் பலர் 'இரண்டு' என்று சட்டென்று சொல்வார்கள். பைபிள் கதையில் வெள்ளத்தின்போது மிருகங்களை ஏற்றிய பேழை நோவாவுடையது, மோசேயுடையது இல்லை என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தும். 1981-இல் எரிக்சன், மாட்சன் இருவரும் இதைச் சோதித்துக் காட்டினார்கள். எதிர்பார்த்தது வந்துவிட்டது என்று தோன்றினால் நாம் எல்லோரும் மேலோட்டமாகவே படிக்கிறோம். கோபத்தோடு படிப்பவர் எதிர்பார்ப்பதைத்தான் படிக்கிறார்.

பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அவருக்கு அக்கறையே இல்லாத விஷயத்தில், அதே அளவு நீளமுள்ள ஒன்றைக் கொடுத்துச் சொல்லச் சொல்லுங்கள். அதைச் சரியாகச் சொன்னால் அவருக்கு வாசிக்க நன்றாகவே தெரியும். அவரை என் வகுப்புக்கு அனுப்பாதீர்கள், இடம் குறைவு.